சுண்ணாம்பும் கம்பியும்

இலக்கியம் பேசும் இடத்தில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எங்களுக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் இக்கட்டுரைக்கு வித்திட்டது ஓர் இலக்கியச் சொல்தான்.

சிலப்பதிகாரத்தின் புகார் நகரம் இரண்டு பாக்கங்களால் ஆனது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம், உள்நகரம் பட்டினப்பாக்கம். மன்னனும் பெருவணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கத்தில். பரதவரும், கைவினைஞரும், கலம் செலுத்தி வந்த யவனரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கத்தில். சென்னைக்கும் ஒரு பட்டினப்பாக்கம் உண்டு. சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்குமிடம் வரை நீளும் கரை அது. பெயர்தான் பட்டினப்பாக்கமே தவிர, இயல்பால் அது மருவூர்ப்பாக்கம்: மீனவர் குப்பங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மணலும் உப்புக்காற்றும். காப்பியம் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கையில் முதலில் சொல்வது கட்டடங்களைத்தான். கூரை வேயாத மாடங்களையும், மானின் கண்போன்ற துளைகளையுடைய சாளரங்களையும் அடிகள் காட்டுகிறார். வேயாத மாடத்தை நிலாமுற்றம் என்பது உரைமரபு. ஓலையோ ஓடோ இல்லாமல், மேலே நடந்து நிலவு பார்க்கத்தக்க தளமிட்ட மேல்மாடம்!

'அந்தத் தளத்தை எதனால் இட்டிருப்பார்கள்?' என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று விடை சொல்ல ஆளில்லை. சிற்பநூல்களைப் புரட்டுவதைவிட நடந்து பார்ப்பது மேல் என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு விடியற்காலையில் நான்கு பேர் சேப்பாக்கத்தில் கூடி, கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி நடந்தோம்.

கடற்கரைச் சாலையைச் சிலைகளின் சாலை என்பார்கள். கட்டடக்கலை மாணவனுக்கு அது சுண்ணாம்பின் சாலை. 1768இல் நிறைவுற்ற ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, சிஸ்ஹோம் கட்டிய மாநிலக் கல்லூரி (1870), அவரே கட்டிய பல்கலைக்கழகச் செனட் மண்டபம் (1879), பனிக்கட்டி சேமிப்பதற்காக 1842இல் எழுந்து இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் வட்டக் கட்டடம், 1896இல் இன்றைய உருவைப் பெற்ற சாந்தோம் பேராலயம் ஆகிய அனைத்தும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பி எழுந்தவை. கடல் கூப்பிடு தூரம். ஆண்டு முழுவதும் உப்புக்காற்று இவற்றின் முகத்தில் அறைகிறது. நூறு, நூற்றைம்பது, இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் நிற்கின்றன. சாந்தோமைத் தாண்டிப் பட்டினப்பாக்கத்துக்குள் நுழைந்ததும் காட்சி மாறுகிறது. அங்குள்ள பழைய அடுக்குமாடிகளுக்கு வயது இவற்றின் பாதிகூட இராது. ஆனால் காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி துருவேறி வெளியே தெரிகிறது. நான்கைந்து கிலோமீட்டர் நடையில் கட்டடவியல் முன்னேறியிருக்கிறதா பின்னேறியிருக்கிறதா என்னும் ஐயம் எங்களுக்கு எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள முயன்றதன் பதிவே இது.

முதலில் சுண்ணாம்பு.

சென்னையில் மலைச் சுண்ணாம்புக் கல்லைவிடக் கிளிஞ்சலே கைக்கெட்டியது. பழவேற்காடு, எண்ணூர் போன்ற கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சல்களைக் காளவாயில் இட்டுச் சுட்டார்கள். சுமார் 900 பாகை வெப்பத்தில் கிளிஞ்சல் தன்னுள் இருக்கும் கரிக்காற்றை விட்டுவிட்டு நீறாகிறது. அதை நீரில் இட்டால் கொதித்துப் பூத்துக் குழைகிறது. மணலும் செங்கற்பொடியும் சேர்த்து, மாடு இழுக்கும் கல்லுருளைச் செக்கில் நாள் கணக்கில் அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்தார்கள். இறுதிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். அப்படி மெருகேறிய தூண்களைச் சலவைக்கல் என்றெண்ணி ஐரோப்பியப் பயணிகள் ஏமாந்ததுண்டு. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்ற பெயரில் அந்தப் பூச்சு கடல் கடந்தும் புகழ்பெற்றிருந்தது. நம் ஊர் பெயரில் உலகம் அறிந்த பொருள்கள் ஒரு கைவிட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் இதுவும் ஒன்று என்பதை நாங்களே அண்மையில்தான் அறிந்தோம்.

சுவரில் ஏறிய சுண்ணாம்பு தான் இழந்த கரிக்காற்றைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுகத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. கடலில் கிளிஞ்சலாக இருந்தது, காளவாயில் நீறாகி, சுவரில் மறுபடியும் கிளிஞ்சலின் இயல்பை அடைகிறது. இதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அது சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்; நுண்ணிய வெடிப்பு விழுந்தால் நீரில் கரைந்த சுண்ணாம்பு அவ்வெடிப்பிலேயே படிந்து அதை அடைப்பதும் உண்டு. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடும். உப்பு பூத்தால் மேற்பூச்சுதான் உதிரும், சுவர் நிற்கும். கொத்தனார் வந்து உதிர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிவிட்டுப் போவார்.

இனி, அந்தத் தளம். மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் முதியவர்கள் சொல்லும் கூரை அது. தேக்கு உத்திரங்களின் மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் இதற்கென்றே அறுத்த சிறிய, மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தளம் இறுகும். தாளம் பிசகாதிருக்கப் பாட்டும் உண்டு. கடைசியில் தட்டோடு. ஒரு கம்பி கிடையாது. புகாரின் வேயா மாடமும் இதுவும் ஒன்றே என்று சாதிக்க எங்களிடம் சான்றில்லை. அகழ்ந்து பார்த்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் நிலாமுற்றம் அமைக்க முடியும் என்பதற்கு மயிலாப்பூரின் பழைய வீடுகள் போதுமான சாட்சி.

எங்களில் ஒருவருடைய பாட்டனார் வீடு மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு அருகே இருந்தது. கூட்டுச் சொத்து, பங்காளிகள் ஐவர். 1990களின் இறுதியில் அதை இடித்துக் குடியிருப்பு எழுப்ப ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். இடிக்க வந்தவர்கள் மூன்று நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள். சுவர் எளிதில் விழுந்தது, தளம் விழவில்லை. கடப்பாரை பட்ட இடத்தில் ஓசைதான் எழுந்தது. பன்னிரண்டு நாள் ஆயிற்று. தேக்கு உத்திரங்களையும் நிலைகளையும் இடித்தவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள், செங்கல்லும் விலைபோயிற்று. புதிய குடியிருப்பில் எட்டாவது ஆண்டு குளியலறைக் கூரையில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தோன்றியது. பதினோராவது ஆண்டு அந்தக் கோட்டின் வழியே காரை ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. கட்டியவரைத் தேடினால் அவர் தொழிலை விட்டே போய்விட்டிருந்தார். நண்பர் இதைச் சொல்லும்போது சிரித்தார். விழுந்த நேரம் இரவு, குளியலறையில் யாருமில்லை என்பதால் சிரிக்க முடிந்தது.

சிமெண்டின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமம் பெற்றது 1824இல். மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், பூந்தொட்டிகள் உடையாமலிருக்கக் காரைக்குள் இரும்புக் கம்பி வைத்து உரிமம் பெற்றது 1867இல். (இன்றைய வானளாவிகளின் மூதாதை ஒரு பூந்தொட்டி!) இந்தியாவில் சிமெண்ட் ஆக்கும் தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்று 1904இல் இதே சென்னையில் நடந்தது. மூலப்பொருள் நம் கிளிஞ்சலேதான். அம்முயற்சி நிலைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து 1914இல் குஜராத்துப் போர்பந்தரில்தான் தொழில் வேரூன்றியது. சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் இறுகும் என்றால் சிமெண்ட் ஒரு திங்களுக்குள் தன் வலிமையின் பெரும்பகுதியை எட்டிவிடும். சுண்ணாம்பால் சுமையைத் தாங்கத்தான் முடியும். கம்பி பொதிந்த கான்கிரீட்டால் வளைவையும் தாங்க முடியும். விரைவு வேண்டிய நூற்றாண்டு எதைத் தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தேர்வு தவறென்று இன்று சொல்வது எளிது, நாங்கள் சொல்லமாட்டோம். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது சென்னையின் குடிசைகள் ஆண்டுதோறும் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. இருந்த இடத்திலேயே, தொழிலை விட்டு அகற்றாமல், ஓலைக்குப் பதில் தளம் போட்ட வீடு தருவது என்னும் எண்ணம் அக்காலத்தில் துணிவானது. மீனவனைக் கடலிலிருந்து பிரிக்காத வீடு! அதற்கு மாடி வேண்டும். மாடிக்குக் கான்கிரீட் வேண்டும். தேக்கும் முட்டையும் கடுக்காயும் கொண்டு ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்ப இயலாது. 2021இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

குற்றம் பொருளில் இல்லை; கடற்கரையில் அப்பொருள் என்ன கேட்கிறது என்பதை நாம் உணரத் தாமதித்ததில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்பை உண்டாக்குகிறது. அக்காப்பு இருக்கும்வரை துரு அணுகாது. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே சென்று அக்காப்பைக் குலைக்கிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப் போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். வெளியே வெடிப்பு விழும். வெடிப்பு வழியே மேலும் உப்பும் ஈரமும் புகும். சுண்ணாம்புச் சுவர் வெளியிலிருந்து உதிர்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. கான்கிரீட் உள்ளிருந்து நோய் கொள்கிறது, தெரியும்போது முற்றிவிட்டிருக்கும்.

உப்பு கம்பியை எட்ட எத்தனை ஆண்டாகும் என்பதை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது கம்பிக்கும் காற்றுக்கும் இடையே இருக்கும் காரையின் கனம். கட்டுமிடத்தில் இதைக் 'கவர்' என்பார்கள். இந்தியத் தர நிறுவனத்தின் கான்கிரீட் விதிநூல் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதை இறுக்கமாக வகுத்தது. உள்நாட்டு, உலர்ந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டர். கடலோரச் சூழலுக்கு 45. கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50. அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75. காரையின் தரமும் அதற்கேற்ப உயர வேண்டும். அதாவது, பட்டினப்பாக்கத்தில் கட்டப்படும் வீடு கோயம்புத்தூரில் கட்டப்படும் அதே வீட்டைவிடத் தடித்த தோலுடன் இருக்க வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு முந்திய கட்டடங்களுக்கு அந்தப் பேறு இல்லை. அவற்றிலும் மிக மெலிந்த உறுப்பு எது? சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு. மெல்லிய பலகை, மேற்புறம் மழை தேங்கும், தாங்கும் கம்பி அந்த மேற்புறத்திலேயே இருக்கும், ஏறிப் பார்ப்பார் எவருமில்லை. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடியிருப்பில் சன்னல் மேற்பகுதி ஒன்று இடிந்து விழுந்ததில், கீழே நடந்து சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். செய்தித்தாளில் அதை வாசித்த நாளில் இக்கட்டுரைக்கான எண்ணம் எங்களிடம் இல்லை. நடைப்பயணத்தில் அந்தக் கட்டடங்களின் கீழே நிற்கையில்தான் அது நினைவுக்கு வந்தது. நால்வரும் பேசாமலே சுவரோரத்திலிருந்து விலகித் தெருவின் நடுவில் நடக்கத் தொடங்கினோம்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. சென்னையில் அடுக்குமாடிகள் எழுந்த அதே 1970களின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட இந்தியா வந்து, 2007இல் இந்தியராகவே மறைந்தவர். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி உள்ளே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பினார். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே வராது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் காரைக்கு வேலையில்லை என்பதால், அங்கே பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். சன்னலுக்குச் சட்டமும் கண்ணாடியும் கம்பியும் எதற்கு, செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டால் போதாதா என்றார். அவருடைய அந்தத் துளைச்சுவரை முதன்முதலில் கண்டபோது எங்களுக்கு நினைவு வந்தது இளங்கோவடிகளின் மான்கண் சாளரம்.

பேக்கரிடம் பயின்றவர்களுள் பென்னி குரியாக்கோஸ் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பழங்கட்டடப் பாதுகாப்பைக் கற்றவர். சென்னையில் கட்டடக்கலை நிறுவனம் நடத்துபவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா, வாசகர்கள் பலரும் கண்டிருக்கக்கூடியது. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் கனவு அது. 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பேக்கர் தொடக்க வடிவம் தந்தார், வளர்த்தெடுத்தவர் குரியாக்கோஸ். அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு நிற்கிறது. கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியின் சிரியன் கிறித்துவர் வீடு நிற்கிறது. அவை மாதிரிகள் அல்ல, அசல் வீடுகள். உடைமையாளர்கள் இடிக்கவிருந்தவற்றை வாங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுப் பிரித்து, வண்டியேற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

பலமுறை சென்றும் எங்களுக்கு உறைக்காத ஒன்று இந்த நடைக்குப் பிறகு உறைத்தது. அவ்வீடுகள் பிரித்துக் கட்டத்தக்கவை என்பதாலேயே அங்கு நிற்கின்றன. மரம் முளைகளால் பூட்டப்பட்டது, கழற்றலாம். செங்கல் சுண்ணாம்பால் ஒட்டப்பட்டது, உடையாமல் பெயர்க்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். பட்டினப்பாக்கத்து அடுக்குமாடியை எந்த அருங்காட்சியகமும் அப்படிப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. அதற்கு ஒரு பிறவிதான். இடித்தால் மிஞ்சுவது பழைய இரும்புக்காரருக்கான கம்பியும், பள்ளம் நிரப்பும் கட்டாந்துகளும்.

பசுமைக் கட்டடம் என்று இன்று பேசப்படுவது எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் கருத்து இங்கிருந்துதான் பிறந்தது. உலகில் மனிதர் வெளியிடும் கரிவளியில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் ஆக்கத்தால் வருவது. 1,450 பாகை வெப்பம் ஒருபுறம். சுண்ணாம்புக் கல் தன்னுள்ளிருந்து விடும் கரிக்காற்று மறுபுறம். ஆகவே குறைந்த சிமெண்ட், குறைந்த மின்சாரம் என்று கணக்கிட்டுப் புள்ளிகளும் சான்றிதழும் தருகிறார்கள். நல்லதுதான். இதே அடையாற்றின் மேற்புறத்தில், கோட்டூர்புரத்தில், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அத்தகைய தங்கச் சான்று பெற்றது. எங்கள் ஞாயிறுகள் பல அங்கே கழிந்தவை. அக்கட்டடத்தின் மேல் எங்களுக்குள்ள பற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புள்ளிகள் பெரும்பாலும் கட்டி முடிக்கும் நாளோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டே அந்நூலகத்தை மருத்துவமனையாக்க முடிவெடுக்கப்பட்டு, வழக்குமன்றம் வரை போக நேர்ந்ததையும், பராமரிப்புக்காகவும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்ததையும் எந்தப் புள்ளி கணக்கிடும்? முப்பது ஆண்டில் இடித்து மறுபடி கட்டப்படும் வீடு, இரண்டு முறை சிமெண்டைத் தின்கிறது. இதைச் சொல்லப் பெரிய கணக்கு தேவையில்லை.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். சுண்ணாம்பு சுடுவதற்கும் எரிபொருள் வேண்டும். விட்ட கரிக்காற்று முழுவதையும் அது திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. தேக்குக்குக் காடு வேண்டும். பேக்கரின் ஓடு நிரப்பிய தளத்திலும் கம்பி இருக்கிறது. கடலோரத்தில் அதற்கும் அதே துருதான், கவர் பிசகினால். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லின் மண் ஆய்வு நிறுவனம் 1989இலிருந்து சொற்ப சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கட்டிகளாலும், கம்பியில்லா வளைவுக் கூரைகளாலும் கட்டிக்காட்டி வருகிறது. அந்த முறையில் எழுந்த ஆரோவில் வருகையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருது பெற்றது. அழகிய கட்டடம். ஆனால் ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ வேண்டிய கரையில், நான்கு மாடி உயரத்தில் அதை அப்படியே நட்டுவிட முடியாது.

மிகக் கடினமான எதிர்வாதம் மக்களிடமிருந்தே வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்தின் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. குடும்பங்கள் பல கடலிலிருந்து நெடுந்தொலைவில், செம்மஞ்சேரி போன்ற இடங்களுக்குக் குடியேற்றப்பட்டன. தமிழ்க் கடற்கரை நெடுகிலும் மறுவாழ்வுக்கு எழுந்தவை ஏறத்தாழ 325 சதுர அடி அளவுள்ள, தட்டையான கான்கிரீட் கூரையுடைய, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சில ஊர்களில் இடம் செய்வதற்காக நிழல் தந்த மரங்களும் வெட்டப்பட்டன. பேரலைக்குத் தப்பிய வீடுகளும் இடிக்கப்பட்டன. அன்றைய நாகை மாவட்டத்துத் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து குரியாக்கோஸ் பணியாற்றியபோது, குடியிருக்கப் போகிறவர்களையே உட்காரவைத்து அவரவர் வீட்டைப் பற்றிப் பேசவைத்தார். திண்ணை எங்கே, அடுப்பு எங்கே, வலை எங்கே என்பதை அவர்கள் சொன்னார்கள். ஆனால் மேலே தட்டைத் தளமே வேண்டும் என்பதும் கடற்கரை மக்களிடையே பரவலாக இருந்த விருப்பம். 'மெத்தை வீடு' என்பது அவர்களுக்கு வெறும் கூரையன்று. ஓலைக்குடிசைக்காரன் என்ற இழிசொல்லிலிருந்து விடுதலை. மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கை. அலை வந்தால் ஏறி நிற்க ஓர் இடம். மாடவீதியில் பிறந்து, சுண்ணாம்பின் பெருமையை நூல்களில் படிக்கும் நாங்கள், அந்த விருப்பத்தைப் பழிக்க எவ்வுரிமையும் அற்றவர்கள்.

எனில் கரையோர வீட்டுக்குச் செய்யத்தக்கது என்ன? பொறியாளர்கள் அறியாத ஒன்றுமில்லை. கவரைக் குறைக்காதிருத்தல். இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் உப்பை மெதுவாகவே உள்ளே விடும் என்பதால் அதைப் பயன்படுத்துதல். காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பலகைகளைத் தவிர்த்து, நிழலுக்குத் துளைச்சுவரையோ ஆழமான சாளரத்தையோ அமைத்தல். சுமை தாங்கும் சுவர் போதுமான இடத்தில் கம்பியை நாடாதிருத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, சில ஆண்டுகளுக்கொருமுறை ஒருவர் சுத்தியலுடன் ஏறித் தட்டிப் பார்ப்பது. உட்பொள்ளலான காரை ஓசையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தேர்ந்த கொத்தனாருக்கு வேறு கருவி வேண்டியதில்லை. சன்ஷேடு ஒன்றைத் தட்டிப் பார்க்க ஆகும் செலவு ஏணியும் அரைநாள் கூலியும்.

சுண்ணாம்பு முற்றிலும் அற்றுப்போய்விடவும் இல்லை. 2012 சனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் தீயில் எரிந்தது. இடித்துவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தோம். பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தது. கடுக்காயும் வெல்லமும் மறுபடி அரசுக் கொள்முதல் பட்டியலில் ஏறின! சுண்ணாம்புச் செக்கு இழுக்க மாட்டுக்குப் பதில் இயந்திரம் வந்திருக்கிறது. கைத்திறன் மறந்துபோயிருந்த ஒரு தலைமுறைக்குப் பின், தட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் ஆட்கள் பழகியிருக்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு அந்தக் கலச மஹாலையே இருப்பிடமாகக் கொடுத்தது யாருடைய யோசனையோ, நயமானது.

எங்கள் நடை சீனிவாசபுரத்தைத் தாண்டி முகத்துவாரத்தில் முடிந்தது. உடைந்த பாலம் அங்கேதான் நிற்கிறது. 1967இல் கட்டி, 1977இல் ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பத்தே ஆண்டு வாழ்வு. திரைப்படங்களில் சண்டைக்காட்சிக்கும் காதல்காட்சிக்கும் பயன்பட்ட ஆண்டுகள் அதைவிட அதிகம். முறிந்த இடத்தில் கம்பியைத் தேடினோம். பருத்துச் செதிள் செதிளாக உரிந்த துருவைத்தான் காண முடிந்தது.

திரும்பும் வழியில், குடியிருப்பின் கீழ்த்தளத்து வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களை நிறுத்தினார். நால்வரில் ஒருவர் கையில் குறிப்பேடும் இன்னொருவர் கழுத்தில் நிழற்படக் கருவியும் இருந்ததால் ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

"இன்னா தம்பி, அளவெடுக்க வந்தீங்களா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றோம்.

"புச்சா கட்டப்போறாங்கன்னு சொல்றாங்களே. கட்னா இங்கியே தான குடுப்பாங்க? வேற எங்கியாச்சும் போ சொல்ல மாட்டாங்களே?"

எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, காய்ந்த பக்கத்தைக் கீழாக்கி நெத்திலியைப் புரட்டிப் போடத் தொடங்கினார்.